கல்லும் காகிதமும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குச் செல்லும் பேருந்து, கோமுகி அணையைத் தாண்டியதும் வளைந்து வளைந்து மேலேறத் தொடங்குகிறது. கரியாலூரில் வந்து இறங்கும்போது காற்றின் குணமே மாறிவிட்டிருப்பதை உணரலாம். இம்மலையில் பிறக்கும் ஓடைகளே கோமுகி ஆறாகிச் சமவெளி வயல்களை நனைக்கின்றன. மலை கொடுக்கிறது, சமவெளி பெற்றுக்கொள்கிறது. பெற்றுக்கொண்டவர்களின் வரலாறு கல்வெட்டுகளிலும் கோபுரங்களிலும் நிலைத்து நிற்க, கொடுத்த மலையின் வரலாறோ பெரும்பாலும் முதியோரின் வாய்மொழியிலேயே தங்கிவிட்டது. 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை இது. எது எழுதி வைக்கப்பட்டது, எது எழுதப்படாமல் போயிற்று என்னும் கேள்வி, இங்கே ஆசிரியர்களாகவும் பணியாளர்களாகவும் வாழ்ந்து பழகிய எங்களுக்குப் புதிதன்று.

ஆயினும் அக்கேள்வியின் முழுக் கனத்தையும் நாங்கள் உணர்ந்தது இம்மலையில் இருந்தபோது அன்று. கடல் கடந்து சென்று, கம்போடிய நாட்டின் அங்கோர் கோயில்களின் நடுவே நின்றபோதுதான். 2024 சனவரியில் 14 பேர் கொண்ட குழுவாக, அந்நாட்டு வழிகாட்டி ஒருவரின் துணையுடன், மூன்று நாள்கள் அக்கோயில்களைச் சுற்றி வந்தோம். கண்டவற்றை எல்லாம் இங்கே வரிசைப்படுத்தப் போவதில்லை. பழைய கல் ஒன்று எவ்வாறு காக்கப்படுகிறது என்பது பற்றி அங்கே கற்ற ஒரு பாடத்தையும், அப்பாடம் எங்கள் மீதே திரும்பிய விதத்தையும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

தில்லையில் ஒரு கம்போடியக் கல்

கம்போடியா நமக்கு முற்றிலும் அந்நிய நாடன்று. காம்போச மன்னன் நட்பை நாடித் தன் தேரை முதலாம் இராசேந்திர சோழனுக்கு அனுப்பினான் என்று கரந்தைச் செப்பேடுகள் கூறுகின்றன. சிதம்பரம் கோயிலில் 1114ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இதனினும் சுவையான செய்தியைத் தருகிறது. காம்போச அரசன் ஒரு கல்லைக் காட்சிப் பொருளாகச் சோழ மன்னனுக்கு வழங்கினான். மன்னன் ஆணைப்படி அக்கல் திருச்சிற்றம்பலத்தின் எதிரே அமைந்த மண்டபத்தின் முன்வரிசையில் பதிக்கப்பட்டது என்பதே அச்செய்தி. அப்போது சோழ நாட்டை ஆண்டவன் முதலாம் குலோத்துங்கன். அங்கோர் வாட் கோயிலை எழுப்பிய இரண்டாம் சூரியவர்மன் அரியணை ஏறியதும் ஏறத்தாழ 1113இல்தான். ஆக, உலகம் வியக்கும் அப்பெருங்கோயிலுக்கு அடிக்கல் இடப்பட்ட காலத்தில், அந்நாட்டுக் கல் ஒன்று நம் நடுநாட்டுக்கு அண்மையிலுள்ள தில்லைக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

பயணம் புறப்படும் முன் இதைப் படித்தபோது, இரு நாட்டு உறவின் பெருமை மட்டுமே எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. திரும்பி வந்து மீண்டும் படித்தபோது வேறொன்று தெரிந்தது. கல்லை அனுப்பியவன் மறைந்தான், பெற்றவனும் மறைந்தான். அந்தக் கல் காம்போசத்திலிருந்து வந்தது என்பதை இன்று நாம் அறிவது, எவரோ ஒருவர் அதை எழுதி வைத்தார் என்னும் ஒரே காரணத்தால். அந்த எழுத்து இல்லையேல், அது கோயிலின் ஆயிரம் கற்களுள் ஒரு கல், அவ்வளவே.

கண்டவர்களும் காத்தவர்களும்

முதல் நாள் விடியற்காலை அங்கோர் வாட்டின் மேற்கு வாயிலில் நின்றோம். ஏறத்தாழ 190 மீட்டர் அகலமுள்ள அகழி கோயிலைச் சுற்றிலும் விரிந்து கிடக்கிறது. நடுக்கோபுரம் 65 மீட்டர் உயரம். நம் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கியிருக்க, இது மேற்கு நோக்கியது. திருமாலுக்கென எழுப்பப்பட்டுப் பின்னர் பௌத்த வழிபாட்டிடமாக மாறி, இன்றும் துறவிகள் வந்து வணங்கும் தலமாக விளங்குகிறது. கிழக்குப் பக்கத்து நடைமண்டபச் சுவரில் பாற்கடல் கடையும் காட்சி ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குப் புடைப்புச் சிற்பமாக ஓடுகிறது. ஒரு பக்கம் 92 அசுரர், மறுபக்கம் 88 தேவர். கடைபவர் ஒருவரின் முகமும் களைத்ததாகத் தெரியவில்லை.

அங்கோர் வாட் காட்டுக்குள் மறைந்து கிடந்தது என்றும், 1860இல் ஆன்றி மூகோ என்னும் பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டுபிடித்தார் என்றும் பாடப்புத்தகங்களில் நாம் படித்ததுண்டு. உண்மை வேறு. கெமர் மக்கள் அக்கோயிலை ஒருநாளும் கைவிட்டதில்லை. 1296இல் அந்நகருக்கு வந்த சீனத் தூதுக்குழுவைச் சேர்ந்த சூ தாகுவான் தாம் கண்டதை விரிவாக எழுதி வைத்தார். 1586 வாக்கில் அந்தோனியோ த மதலேனா என்னும் போர்த்துக்கீசியக் கப்புச்சின் துறவி அங்கே சென்றார். கண்டதைப் பின்னர் வரலாற்றாசிரியர் தியோகோ தோ கோத்தோவிடம் கூறினார். 1850இல் மறைபரப்புப் பணிக்கெனச் சென்ற அருட்தந்தை சார்ல் எமில் பூயிவோ அங்கோரைக் கண்டு, தம் பயண நூலில் அதைப் பற்றி எழுதினார். அவர் பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்தவர். புதுவை மறைத்தளம் 1776 முதல் இதே சபையின் பொறுப்பில்தான் இருந்தது என்பதை வாசகர்கள் நினைவுகூரலாம். நம் ஊர்களுக்குக் குதிரையிலும் மாட்டு வண்டியிலும் வந்த குருக்களின் உடன்பிறப்பு ஒருவரே, மூகோவுக்குப் பத்தாண்டு முன்னதாக அந்தக் கோபுரங்களின் கீழ் நின்றவர்.

கப்புச்சின் துறவி சொன்னதைக் கோத்தோ எழுதி வைத்த பகுதி நூற்றாண்டுக் கணக்கில் ஏட்டுக்கட்டுகளுக்குள் உறங்கிக் கிடந்து, 1958இல்தான் பெர்னார் பிலிப் குரோலியே என்னும் அறிஞரின் நூல் வழியே உலகுக்குத் தெரியவந்தது. பதினாறாம் நூற்றாண்டில் அங்கோர் எந்நிலையில் இருந்தது என்பதை ஆய்வாளர்கள் உணர, கரையான் அரிக்காமல் தப்பிய அந்தக் காகிதம் துணை செய்தது. எழுதியவர் தம் எழுத்து யாருக்குப் பயன்படும் என்று அறிந்திருக்கவில்லை. அறியாமலே செய்த தொண்டு அது.

நம் நாட்டவரின் கைகளும் இக்கோயிலின் மீது பட்டுள்ளன. 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் துறையின் குழுக்கள் அங்கோர் வாட்டில் பணியாற்றின. உள்நாட்டுப் போர் இன்னும் ஓயாத காலம். கண்ணிவெடிகள் புதைந்து கிடந்த காலம். உலகின் பெரும்பாலான நாடுகள் அன்றைய கம்போடிய அரசை ஏற்க மறுத்து விலகி நின்ற காலம். அத்தகைய நாளில் துணிந்து சென்றவர்கள் நம்மவர்கள். சாய்ந்த சுவர்களை நிமிர்த்தினர். கற்களில் படர்ந்த பாசியையும் செடிகொடிகளையும் அகற்றினர். ஆனால் அப்பணி கடும் விமர்சனத்துக்கும் உள்ளானது. வேதிப்பொருள்களைக் கொண்டும் தூரிகைகளைக் கொண்டும் தேய்த்துக் கழுவியதால் மணற்கல்லின் மேல்தோல் பாதிக்கப்பட்டது என்றும், சிமெண்டின் பயன்பாடு பொருந்தாதது என்றும் பிற நாட்டு வல்லுநர்கள் குறை கூறினர். பாற்கடல் மண்டபத்தின் கூரையைப் பின்னாளில் உலக நினைவுச்சின்ன நிதியம் மீண்டும் பிரித்துச் செப்பனிட்டு, 2012இல் முடித்தது.

எங்கள் வழிகாட்டி இதைச் சொன்னபோது குழுவில் சிலர் முகம் சுளித்தோம். அவர் புன்னகையுடன், வேறு யாரும் வராதபோது வந்தவர்கள் உங்கள் நாட்டவர், அதையும் நாங்கள் சொல்லாமல் விடுவதில்லை என்றார். நன்றியையும் குறையையும் ஒரே மூச்சில், ஒன்றை ஒன்று மறைக்காமல் சொல்லத் தெரிந்த அவரது நேர்மை எங்களைத் தொட்டது. அத்துடன் ஓர் உண்மையும் உறைத்தது. பழையதை அழிப்பவன் பகைவன் மட்டுமல்லன். அன்பு மிகுந்து, அழுக்கு என்று எண்ணிக் கழுவுகிறவனும் அழிக்கக்கூடும்.

மூன்று லட்சம் கற்கள்

இரண்டாம் நாள் பாபுவோன் கோயிலுக்குச் சென்றோம். பதினோராம் நூற்றாண்டின் நடுவில் இரண்டாம் உதயாதித்தியவர்மன் காலத்தில் எழுந்த சிவன் கோயில் இது. மணலைக் குவித்து உயர்த்திய செயற்கைக் குன்றின் மீது, சுண்ணாம்போ சாந்தோ இன்றிக் கல்லின் மேல் கல்லாக அடுக்கிக் கட்டப்பட்டது. உள்ளிருந்த மணல் மழைநீரால் நெகிழ்ந்து வெளியே தள்ளியதால், கட்டடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து வந்தது.

1960இல், மேலே குறிப்பிட்ட குரோலியேயின் தலைமையில், தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளி ஒரு துணிவான முடிவை எடுத்தது. கோயிலை முழுவதும் பிரித்து, உள்ளே உறுதியான தாங்குசுவர் எழுப்பி, மீண்டும் அதே கற்களை அதே இடத்தில் அடுக்குவது என்பதே அது. விழுந்த கற்களை இனங்கண்டு, எண்ணிட்டு, அதனதன் இடத்தில் வைத்துக் கட்டும் இம்முறையை அனஸ்டைலோசிஸ் என்பர். காணாமற்போன கல்லுக்கு மட்டுமே புதுக் கல் இடலாம். அந்தப் புதுக் கல்லும் பழையதைப் போல் நடிக்காமல், புதியது என்று கூர்ந்து நோக்குவோருக்குத் தெரியவேண்டும். இது அம்முறையின் அறம்.

ஏறத்தாழ 3,00,000 கற்கள் பிரிக்கப்பட்டு, சுற்றியுள்ள காட்டில் ஏறக்குறைய 10 ஹெக்டேர் பரப்பில் பரப்பி வைக்கப்பட்டன. எந்தக் கல் எந்த இடத்துக்கு உரியது என்பதெல்லாம் குறிப்பேடுகளில் பதிவாயின. பின்னர் போர் மூண்டது. 1970களின் தொடக்கத்தில் பணி நின்றது. 1975இல் கெமர் ரூஜ் படையினர் நாட்டைக் கைப்பற்றியபோது, புனோம் பென் நகரில் இருந்த அந்தக் குறிப்பேடுகள் அழிந்தன. கற்கள் அப்படியே கிடந்தன. ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள உறவைச் சொல்ல ஒரு காகிதமும் எஞ்சவில்லை. ஒரு கோயில், தன் எல்லா உறுப்புகளோடும் உயிரிழந்து கிடந்தது.

1995இல் பாஸ்கல் ரொயேர் என்னும் கட்டடக்கலை வல்லுநர் அப்பணியை மீண்டும் தொடங்கினார். பாரிசில் தப்பியிருந்த பழைய நிழற்படங்களும், முன்பு அங்கே வேலை செய்து, கொடுமையான அந்த ஆண்டுகளைக் கடந்து உயிர்பிழைத்திருந்த கெமர் பணியாளர் சிலரின் நினைவும் அவருக்குக் கைகொடுத்தன. கல் கல்லாக அளந்து, வரைந்து, பொருத்திப் பார்த்தனர். 2011 சூலையில் பாபுவோன் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் ஓடிய ஆண்டுகள் ஐம்பத்தொன்று.

அக்கோயிலின் மேற்குப் பக்கத்தில் இன்னொன்றையும் காட்டினார் வழிகாட்டி. பிற்காலத்துப் பௌத்தர்கள், மேல்தளத்துக் கற்களையே எடுத்து, மேற்கு முகப்பு முழுவதையும் பள்ளிகொண்ட புத்தரின் உருவமாக மாற்றியிருந்தனர். மீட்டுக் கட்டியவர்கள், மூலக் கோயிலின் தூய வடிவம் வேண்டும் என்று அந்தப் புத்தரைக் கலைத்துவிடவில்லை. அவரையும் அவர் இருந்தபடியே நிலைநிறுத்தினர். இக்கட்டடத்தின் வரலாறு என்பது அதை எழுப்பிய அரசனின் வரலாறு மட்டுமன்று, பின்னால் வந்து மண்டியிட்ட மக்களின் வரலாறும்தான் என்பதை அம்முடிவு உணர்த்தியது.

மரமும் மதிலும்

அன்று பிற்பகல் தா புரோம். ஏழாம் சயவர்மன் 1186இல் தன் அன்னையின் நினைவாக எழுப்பிய பௌத்தக் கோயில். அங்குக் கிடைத்த கல்வெட்டு, கணக்கப்பிள்ளையின் பேரேடு போல எல்லாவற்றையும் எண்ணிச் சொல்கிறது. உள்ளே வாழ்ந்தோர் 12,640 பேர். அவருள் நடனமாதர் 615 பேர். கோயிலுக்கு உழைத்த ஊர்கள் 3,140. அவ்வூர்களில் பணிசெய்தோர் 79,365 பேர். நாடெங்கும் அம்மன்னன் நிறுவிய மருத்துவமனைகள் 102 என்பதும் அதே கல்வெட்டின் செய்தி. இன்று அங்கோருக்கு மூன்று நாள் நுழைவுச்சீட்டு 2017இல் வகுத்த கட்டணப்படி 62 டாலர். அதில் 2 டாலர் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அக்கோயில்கள் நோயாளிக்கு உதவிக்கொண்டிருக்கின்றன என்று எண்ணியபோது, சீட்டின் விலை எங்களுக்குக் கனமாகத் தோன்றவில்லை.

தா புரோமின் மதில்களின் மீது வானளாவிய மரங்கள் வேர்விட்டு நிற்கின்றன. ஓர் ஆங்கிலத் திரைப்படத்தால் உலகப் புகழ் பெற்ற காட்சி அது. மற்றக் கோயில்களில் காட்டை வெட்டித் துப்புரவு செய்த பிரெஞ்சு அறிஞர்கள், அங்கோர் எந்நிலையில் கண்டெடுக்கப்பட்டது என்பதற்குச் சான்றாக, இதை மட்டும் மரங்களோடு விட்டுவைத்தனர். 2003 முதற்கொண்டு இக்கோயிலின் சீரமைப்பில் கம்போடிய அரசின் அப்சரா ஆணையத்தோடு இந்தியத் தொல்லியல் துறை ஈடுபட்டு வருகிறது. மண்ணின் தன்மையையும் கட்டடத்தின் உறுதியையும் ஆராயச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், மரங்களைப் பேணத் தேராதூன் வன ஆராய்ச்சி நிறுவனமும் துணை நின்றன. கோயிலைக் காப்பதற்கு மர மருத்துவரை அழைத்த செய்தி எங்களுக்குப் புதுமையாக இருந்தது. காரணம் எளிது. அந்த வேர்களே கற்களைப் பிளக்கின்றன; அந்த வேர்களே கற்களைத் தாங்கியும் நிற்கின்றன. மரத்தை வெட்டினால் மதில் சரியும். விட்டால் மதில் பிளக்கும். ஒரே வழி, இரண்டையும் நாள்தோறும் கவனித்துக்கொண்டே இருப்பது. அங்கே நம்மவர்கள் சீரமைத்த நடன மண்டபம் 2022இல் திறக்கப்பட்டது. அங்கோர் வாட்டில் பெற்ற விமர்சனம் வீண்போகவில்லை என்று தோன்றியது. இப்போது கல்லைத் தொடுமுன் அளக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், எழுதுகிறார்கள்.

பீடத்தில் எஞ்சிய பாதங்கள்

மூன்றாம் நாள் பந்தியாய் சிரேய் என்னும் சிறிய கோயில். 967இல் நிறைவுற்றது, யக்ஞவராகர் என்னும் அந்தண அறிஞர் எழுப்பியது. செந்நிறமான மணற்கல்லில் மரச்செதுக்கு வேலை போல நுணுக்கமான சிற்பங்கள். நுழைவாயிலின் முகப்பொன்றில் சிவபெருமான் ஆடுகிறார். அருகே எலும்பும் தோலுமாய் ஒரு பெண் உருவம். காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் இனங்கண்டுள்ள உருவம் அது. நம் அண்டை ஊராம் காரைக்காலின் அம்மையார், கடலுக்கு அப்பால், அந்நாட்டுச் சிற்பியின் உளியில் உயிர் பெற்று அமர்ந்திருக்கக் கண்டபோது, எங்கள் குழுவில் பேச்சே எழவில்லை. தமிழின் பக்தி இவ்வளவு தொலைவு சென்றிருக்கிறது. ஆனால் நம்மில் எத்தனை பேர் அதை அறிவோம்?

பிரித்து, எண்ணிட்டு, மீண்டும் அடுக்கும் முறை அங்கோர் பகுதியில் முதன்முதலாக முழுமையாகக் கையாளப்பட்டது இக்கோயிலில்தான். 1931 முதல் 1936 வரை ஆன்றி மார்ஷல் அப்பணியை நடத்தினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1923இல், இதே கோயிலின் சிற்பங்களைப் பெயர்த்து எடுத்துச் சென்று கைதானவர், பின்னாளில் பிரான்சின் பண்பாட்டு அமைச்சராக உயர்ந்த எழுத்தாளர் ஆந்திரே மால்ரோ என்பது வரலாற்றின் விந்தை.

திருட்டைப் பற்றிய பேச்சு எழுந்ததும், வழிகாட்டி நாங்கள் செல்லாத கோ கேர் என்னும் பழைய தலைநகரைப் பற்றிக் கூறினார். அங்கே ஒரு கோயிலில், பீமனும் துரியோதனனும் போரிடும் சிலைத் தொகுதியைக் கொள்ளையர் அறுத்து எடுத்துச் சென்றுவிட்டனர். பீடங்களில் பாதங்கள் மட்டும் எஞ்சின. பல்லாண்டுகளுக்குப் பின் துரியோதனன் அமெரிக்க ஏலக் கூடம் ஒன்றில் தோன்றினான். கணுக்காலில் அறுபட்ட அச்சிலை இந்தப் பீடத்துக்கு உரியது என்பதற்கு, இங்கே எஞ்சிய பாதங்களே சான்றாயின. 2014இல் துரியோதனனும் பீமனும் தாயகம் திரும்பினர்.

கேட்டுக்கொண்டிருந்த எங்கள் நினைவு கள்ளக்குறிச்சிக்குத் திரும்பியது. எங்கள் மாவட்டத்து வீரசோழபுரத்தில் உள்ள பழைய சிவன் கோயிலிலிருந்து பல்லாண்டுகளுக்கு முன் செப்புத் திருமேனிகள் களவு போயின. அவை அமெரிக்காவில் இருப்பதை 2022இல் தமிழகக் காவல்துறையின் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு கண்டறிந்து அறிவித்தது. எப்படி அறிந்தார்கள்? புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் முற்காலத்தில் அக்கோயிலுக்குச் சென்று எடுத்து வைத்திருந்த நிழற்படங்களால். 1956 முதல் நம் ஊர்க் கோயில்களைச் சுற்றிச் சுற்றி எடுக்கப்பட்ட ஏறத்தாழ 1,60,000 படங்கள் அங்கே பேணப்படுகின்றன. விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரும் சிறீபுரந்தான் நடராசரும் 2014இல் ஆத்திரேலியாவிலிருந்து திரும்பியதற்கும் அப்படங்களே சான்றாக நின்றன. கம்போடியாவில் எஞ்சியவை பாதங்கள். நம் நாட்டில் எஞ்சியது ஒரு நிழற்படம். பாபுவோனுக்கு உயிர் கொடுத்த அதே வகைக் காகிதம்.

திரும்பும் வழியில் குலேன் மலை தென்பட்டது. 802இல் இரண்டாம் சயவர்மன் பேரரசனாக முடிசூடியது அம்மலையில். அங்கோர்க் கோயில்களுக்கான மணற்கல் வெட்டப்பட்டது அதன் அடிவாரத்தில். அங்கோருக்கு நீர் தந்த ஆறு பிறப்பதும் அங்கேதான். ஆற்றுப் படுகைப் பாறைகளில் எண்ணற்ற இலிங்கங்களைச் செதுக்கி, அவற்றின் மீது தழுவிச் செல்லும் நீரைப் புனிதநீராய்ச் சமவெளிக்கு அனுப்பினர். கல்லும் நீரும் கொடுத்த மலை காட்டுக்குள் மறைந்து கிடந்தது. வானிலிருந்து கதிர் பாய்ச்சி நிலத்தை அளக்கும் முறையால், அங்கே ஒரு நகரமே தெருக்களோடு புதைந்திருப்பது 2012இல் நடந்த ஆய்வில்தான் தெளிவாயிற்று. எங்கள் மலையை நினைத்துக்கொண்டோம்.

எங்கள் கைகளும் உயர்ந்தன

இனி, சொல்லக் கூசும் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு சிற்றூர், பெயர் வேண்டாம். அங்கே சுண்ணாம்புக் காரையால் கட்டி, நாட்டு ஓடு வேய்ந்த பழைய ஆலயம் ஒன்று இருந்தது. எங்கள் குழுவில் சிலர் திருமுழுக்குப் பெற்றதும், சிலர் மணமாலை சூடியதும் அங்கே. இடம் போதவில்லை, மழைக்கு ஒழுகுகிறது என்று ஊரார் கூடிப் பேசினார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா என்று கேட்டபோது, எங்கள் கைகளும் உயர்ந்தன. யாரையும் குறை சொல்வதற்கில்லை. மூன்றே நாளில் பொக்லைன் வந்து வேலையை முடித்தது. புதிய ஆலயம் விசாலமானது, காற்றோட்டமானது, மக்கள் மகிழ்ந்தார்கள். அது தவறென்று இன்றும் நாங்கள் கூறவில்லை. வழிபடும் மக்களுக்காகவே ஆலயம். மக்கள் நனைய, சுவர் மட்டும் காக்கப்படுவது அறமன்று.

ஆனால் இடிக்கும் முன் நாங்கள் ஒரு படம் எடுக்கவில்லை. நீள அகலம் அளக்கவில்லை. வாசற்படிக் கல்லில் ஏதோ எழுத்து இருந்தது என்று ஒரு மூதாட்டி சொன்னார். என்ன எழுத்து என்று எவரும் படித்துப் பார்க்கவில்லை. அந்தக் கல் இடிபாடுகளோடு ஏதோ ஒரு பள்ளத்தை நிரப்பப் போய்விட்டது. பாபுவோனின் குறிப்பேடுகளை அழிக்க ஒரு கொடிய படை தேவைப்பட்டது. எங்கள் ஆலயத்தின் நினைவை அழிக்க, நாங்கள் சும்மா இருந்ததே போதுமானதாயிற்று. விமானத்தில் பல ஆயிரம் ரூபாய் செலவழித்துப் பிறநாட்டுக் கற்களை வியக்கப் போன நாங்கள், நடந்து போகும் தொலைவில் இருந்த கல்லைப் படிக்காமல் விட்டோம்.

இக்குறை நம்மோடு மட்டும் நிற்பதன்று. திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டின் மீது வண்ணம் பூசுவதும், மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்லின் தோலை உரிப்பதும், பழைய தளத்தின் மீது பளபளக்கும் ஓடு பதிப்பதும் தமிழ்நாடு முழுவதும் நாம் கண்டவையே. 2021 சூனில் சென்னை உயர்நீதிமன்றம் தொன்மையான கோயில்களையும் சின்னங்களையும் காக்க 75 நெறிமுறைகளை வழங்க நேர்ந்ததே அதனால்தான். ஆயினும் நீதிமன்ற ஆணை வயல்வரப்பில் சாய்ந்து கிடக்கும் நடுகல் வரை வந்து சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. அங்கே வந்து சேரக்கூடியவர்கள் அவ்வூரில் வாழ்பவர்களே.

கம்போடியாவில் நாங்கள் கற்றது பெரிய தத்துவம் அன்று. கல்லைக் காப்பதற்குப் பொருளும் வல்லுநரும் வேண்டும். அவை எல்லாருக்கும் கிட்டா. கல்லைப் பற்றி எழுதி வைப்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சூ தாகுவான் எழுதினார். பூயிவோ அடிகள் எழுதினார். தில்லையில் ஒரு கல்வெட்டாளர் எழுதினார். புதுவையிலிருந்து பெயர் தெரியாத ஒரு நிழற்படக்காரர் வெயிலில் நடந்து வீரசோழபுரத்துக்கு வந்து படம் எடுத்தார். அவர்களுள் ஒருவரும் ஒரு கல்லையும் தூக்கி நிறுத்தவில்லை. ஆயினும் விழுந்தவற்றை எழுப்பும் ஆற்றல் அவர்களுடைய காகிதத்தில் இருந்தது.

ஊர் திரும்பிய பின் கரியாலூரில் ஒருநாள் மாலை நாங்கள் 14 பேரும் கூடினோம். படங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டது போக, ஒரு சிறு முடிவும் எடுத்தோம். மலையூர்களில் உள்ள முதியோரைச் சென்று கண்டு, கோயில், ஆலயம், நடுகல், பழைய பாதை, ஊற்று என்று எதைப் பற்றி அவர்கள் சொன்னாலும் நாளும் பெயரும் குறித்து எழுதி வைப்பது. எழுதியதில் ஒரு படியை ஊரிலேயே விடுவது. முதல் ஊற்றாக, இடிந்துபோன அந்த ஆலயத்தின் வாசற்படிக் கல்லைப் பற்றிச் சொன்ன மூதாட்டியிடமே சென்றோம். எழுத்து என்னவென்று அவருக்கு நினைவில்லை. ஆனால் கல் எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது, திருநாளன்று அதன் மீது யார் யார் நின்று மணியடித்தார்கள் என்பதெல்லாம் நினைவில் இருந்தது. ஒரு மணி நேரம் சொன்னார். எழுதிக்கொண்டோம்.

கல் திரும்பி வராது. ஆனால் அங்கே ஒரு கல் இருந்தது என்பது இப்போது எழுத்தில் இருக்கிறது. வாசகர்களின் ஊரிலும் இப்படி ஒரு கல்லும், அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்த ஒருவரும் இருப்பார்கள். கல் காத்திருக்கும், சொல்பவர் நெடுநாள் காத்திருக்க மாட்டார்.